சாம்பல் காட்டுச் சோளம்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் பதினோரு தடவை அடித்தேன். பன்னிரண்டாவது தடவை உன் தையல் கடையில் காஜா எடுக்கிற பெண் எடுத்து, "அக்கா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். பாவம், பொய் சொல்ல வராத பிள்ளை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். கள மேற்பார்வையாளர். நீ கால் வைக்காதே என்று சொன்ன அதே இடம்தான். பழைய அனல் மின்நிலையத்துக்குக் கீழே, சாம்பல் ஏரியின் கரை உடைந்து நம் குடியிருப்பை மூடிய நிலம். இருபத்தாறு வருஷமாக அங்கே எருக்கஞ்செடி தவிர எதுவும் நின்றதில்லை. மேலே சமன்படுத்தி அளந்து கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நூற்று நாற்பது ஏக்கர்.

போட்டிருப்பது சர்க்கரைச் சோளம். கதிருக்காக இல்லை, தண்டுக்காக. கரும்பு மாதிரி தண்டைப் பிழிந்து சாறு எடுத்து, புளிக்கவைத்து, பெட்ரோலில் கலக்கிற எரிசாராயம் காய்ச்சுவார்கள். கரும்புக்கு வேண்டிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போதும். நல்ல நிலத்தைச் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, யாருக்கும் ஆகாத நிலத்தில் எரிபொருளை விளைவிக்கலாம் என்பது கணக்கு. வேர் ஆளுயரத்துக்குக் கீழே இறங்குமாம். சாம்பலைத் துளைத்துக்கொண்டு போய்க் கீழே உள்ள மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் மேலாளர். விதைத்து நாலு நாள் ஆகிறது.

உன் கோபம் எனக்குப் புரியவில்லை அக்கா. அங்கே நமக்கு என்ன இருக்கிறது? அப்பா அதற்கு முந்தின வருஷமே பாய்லர் வெடித்ததில் போய்விட்டார். அம்மா, கரை உடைவதற்கு முதல் நாளே நம் இரண்டு பேரையும் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அப்போது ஐந்து வயசு. அவள் முகமே ஞாபகம் இல்லை. வீடு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? எனக்கு அது வெறும் சாம்பல் காடு. சம்பளம் வருகிறது. அவ்வளவுதான்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தம்பி


ஜூன் 21

தம்பி,

கடிதம் வந்தது. பதில் எழுதக் கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். பள்ளிக்கூடச் சீருடை சீசன், எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை.

உலகத்தில் சோளம் விதைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா உனக்கு? டிராக்டர் கம்பெனியில் கூப்பிட்டார்களே, அதற்கு என்ன கேடு?

சரி. போனது போனாய். சாம்பல் நெஞ்சுக்கு ஆகாது. இரட்டைத் துணியில் நாலு முகமூடி தைத்து அனுப்பியிருக்கிறேன். எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் ஒரு தையல் பிரித்துக்கொள், வெட்டாதே. செருப்பு இல்லாமல் நடக்காதே.

அப்புறம் ஒன்று. அங்கே ஆழமாக உழ வேண்டாம் என்று உன் மேலாளரிடம் சொல். காரணம் கேட்டால் ஏதாவது சொல். நீ கெட்டிக்காரன்தானே.

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

முகமூடி கச்சிதம். மேலாளருக்கு ஒன்று கொடுத்தேன், "யார் தைச்சது, ஆயிரம் கிடைக்குமா" என்று கேட்கிறார். வியாபாரம் பேசட்டுமா?

இங்கே ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடம் சொல்கிறேன். சிரிக்காதே.

முழங்கால் உயரம் வரை பயிர் ஒரே சீராக இருந்தது. (அந்த உயரத்தில் ஆடு மாடு வாய் வைத்தால் செத்துப்போகும், இளம் பயிரில் விஷம் இருக்கும். காவலுக்கே எனக்குப் பொழுது சரியாக இருந்தது.) ஜூலையில் மழை பொய்த்தது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வயலின் மேற்குப் பாதியில் சில செடிகள் மட்டும் தலைக்கு மேல் போய்விட்டன, மற்றவை இடுப்போடு நின்றுவிட்டன. நோய் என்று நினைத்தேன். பழைய தண்ணீர்த்தொட்டி மேடு இருக்கிறதே, அதன்மேல் ஏறிப் பார்த்தேன்.

கோடுகள் அக்கா. நேர்நேராக, முக்கால் முழ அகலத்தில், உயரமான சோளக் கோடுகள். கோடு போய்த் திரும்புகிறது. கட்டம் கட்டமாக. கட்டத்துக்குள் கட்டம். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் இரண்டரை அடி இடைவெளி. கட்டங்களுக்கு நடுவில் தெரு. நாலு வரிசை வீடுகள், தரையில் பென்சிலால் வரைந்த மாதிரி.

மேலாளர் படித்தவர், உடனே சொல்லிவிட்டார். அந்தக் காலத்து வீடுகள் மண்சுவர். சாம்பல் மூடினாலும் சுவர்கள் உள்ளே நிற்கின்றன. சுவருக்கு மேலே இருக்கிற செடியின் வேருக்குச் சாம்பலில் கிடைக்காத மண்ணும் ஈரமும் கிடைக்கிறது, அது வளர்கிறது. அறைக்கு நடுவில் இருக்கிற செடிக்கு வெறும் சாம்பல். "இதுல ஒண்ணும் அதிசயமில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஏறினவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவ்வளவு வெயிலில்.

களை எடுக்கிற பெண்கள் இருபது பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரியம்மா. வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். அவர்கள் மேட்டில் ஏறிப் பார்த்ததில்லை, கோடு எதுவும் தெரியாது. ஆனால் இருபது பேரும் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறார்கள், அது வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். சுவரைத் தாண்டி யாரும் குறுக்கே போவதில்லை. நேற்று ஒருத்தி களைக்கொட்டை ஒரு கட்டத்துக்குள் மறந்துவிட்டு வந்தாள். இரண்டு எட்டு வைத்தால் எடுக்கலாம். சுற்றிப் போய் இடைவெளி வழியாக நுழைந்து எடுத்து வந்தாள். "ஏன் சுத்திப் போறே?" என்று கேட்டேன். "தெரியலீங்க. குறுக்க போக என்னமோ மாதிரி இருக்கு. யார் வீட்டுக்குள்ளயோ புகுந்த மாதிரி" என்றாள்.

மேஸ்திரியம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் மட்டும் அந்தத் தெருவில் நின்றேன். என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். கால் தானாகப் போனது. எண்ணாமலே ஓரிடத்தில் இடது பக்கம் திரும்பினேன். திரும்பி, காலைத் தூக்கி வைத்தேன். படி ஏறுகிற மாதிரி. அங்கே படி எதுவும் இல்லை. கண்ணைத் திறந்தால் மூன்றாவது வரிசையில் ஒரு வீட்டின் இடைவெளியில் நிற்கிறேன்.

எனக்கு வீடு ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தேன். காலுக்கு இருக்கிறது போல.

உன் தம்பி


ஆகஸ்ட் 19

தம்பி,

வேலையை விட்டுவிடு. இங்கே வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா, அவளோடு நான் சண்டை போடமாட்டேன், சத்தியம்.

வராவிட்டால் ஒன்று மட்டும் எழுது. மூன்றாவது வரிசையில், தெருக்குழாயைத் தாண்டி இரண்டாவது வீடு, கடைசி வீடு. உள் அறை. ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போடுகிற இடம். அங்கே சோளம் உயரமாக இருக்கிறதா? சுவர் இல்லாத இடத்தில், தனியாக?

இல்லை என்று எழுது.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

உனக்கு எப்படித் தெரியும்?

நான் அதை உனக்கு எழுதவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. மேலாளருக்குக்கூடத் தெரியாது.

இருக்கிறது. ஆனால் ஜன்னல் பக்கம் இல்லை. ஜன்னல் பக்கம் இடுப்பளவுதான், மற்ற இடம் மாதிரியே. உயரமான கொத்து இருப்பது அந்த உள் அறையின் கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில். இடைவெளியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நாற்பது தண்டு. சுவர்மேல் நிற்கிற சோளத்தைவிட ஒரு முழம் அதிகம். கதிரெல்லாம் கருத்துவிட்டது.

தண்டில் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரல் பருமன் குழாய். ஒரு சொட்டு சாற்றை விட்டு வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். வயலில் எங்கே எடுத்தாலும் பதினைந்து, பதினாறு. சுவர்மேல் பதினெட்டு. அந்தக் கொத்தில் இருபத்தைந்து. கருவி கெட்டுவிட்டது என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மேஸ்திரியம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுவிட்டுத் துப்பினாள். "தித்திப்பா இல்லையா?" என்றேன். "தித்திக்குது. ரொம்பத் தித்திக்குது. அதான் துப்பினேன்" என்றாள்.

அப்புறம் அந்தச் சத்தம். போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், நீ பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன். மதியம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில், காற்றே இல்லாத நேரத்தில், தண்டும் தண்டும் மோதுகிற சத்தம். டொக் டொக் டொக். மூன்று தடவை. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அடுத்து நாலு எட்டு தள்ளி, டொக் டொக் டொக். முதல் வரிசையின் கோடியில் ஆரம்பித்து இரண்டாவது வரிசை முழுக்க வந்து, மூன்றாவது வரிசைக்குத் திரும்புகிறது. வெயிலில் தண்டு காய்ந்து வெடிக்கிற சத்தம் என்று நான்தான் எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன்.

"தம்பி, வெடிக்கிற சத்தம் கண்ட இடத்துல கேக்கும்" என்றாள் மேஸ்திரியம்மா. "இது வரிசையா வருது. யாரோ வீடு வீடாக் கதவைத் தட்டிக்கிட்டு வர்ற மாதிரி. தட்டிட்டு நின்னு பாக்குறாங்க. யாரும் திறக்கலேன்னா அடுத்த வீடு."

அது மூன்றாவது வரிசையில், அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. தினமும்.

அது நம் வீடுதானே? அங்கே என்ன இருக்கிறது? பூத்து நாற்பது நாளில் வெட்டாவிட்டால் சாறு வற்றிப்போகும். இந்த மாசக் கடைசியில் அறுவடை இயந்திரம் வருகிறது, அதற்குப் பின்னாலேயே உழவு. நீ ஆழமாக உழ வேண்டாம் என்று சொன்னாய். ஏன் சொன்னாய்?

தம்பி


செப்டம்பர் 11

தம்பி,

அம்மா பஸ் ஏறிப் போகவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்து இரண்டு காலர் தைத்தேன். இரண்டும் கோணல். பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப வந்திருக்கிறேன். இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன். நீயும் நிறுத்தாமல் படி.

அம்மாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். ஜன்னல் பக்கக் கட்டிலில் கிடந்தாள். எழுந்து நிற்க முடியாது, நான்தான் பிடித்து உட்காரவைப்பேன். அன்று மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். நாலைந்து லாரி ஒரே நேரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. வாசலில் வந்து பார்த்தேன். மேலே, முதல் வரிசைக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வேகமாக இல்லை. அதுதான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவசரமே இல்லாமல் வந்தது.

சங்கு ஊதவில்லை. ஏதாவது என்றால் கரைமேல் சங்கு ஊதும் என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அம்மாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். முடியவில்லை. எனக்குப் பதினாலு வயசு, முப்பத்தைந்து கிலோ இருப்பேன். "என்னை விடு. அவனைத் தூக்கு" என்றாள். நீ கட்டில் காலைக் கட்டிக்கொண்டிருந்தாய். பிய்த்து எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தேன். என் கையைக் கடித்துவிட்டு உள்ளே ஓடினாய். மறுபடியும் இழுத்து வந்தேன். மறுபடியும் ஓடினாய். மூன்றாவது தடவை உன்னைத் தூக்கினபோது அம்மா கத்தினாள். காய்ச்சலில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. "வெளியில தாழ்ப்பாளப் போடுடீ. போடு. இல்லேன்னா இவன் வந்துக்கிட்டே இருப்பான்."

போட்டேன். உள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். நான்தான் போட்டேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஓடினேன். மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இரண்டாவது வரிசையில் ஓடுவது தெரிந்தது. கரைக்காவலர். சங்கு ஊத வேண்டியவர். அப்புறம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.

மூன்றாம் நாள் முகாமில் விசாரணை. ஓர் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதினார். "அம்மா எங்க?" என்றார். உள்ளே இருந்தாள் என்று சொன்னால், ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பார். கதவை யார் சாத்தினது என்று கேட்பார். "முதல் நாளே பஸ் ஏறிப் போயிட்டாங்க" என்றேன். எழுதிக்கொண்டார். "காவலரைப் பாத்தியா?" "பாத்தேன்." "என்ன பண்ணினார்?" "ஓடினார்." அதையும் எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காவலர் சங்கு ஊதாமல் ஓடித் தலைமறைவாகிவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். வேறு யார் யாரோ சொல்லியிருப்பார்கள், நான் மட்டும் இல்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் மனைவியும் மகளும் அதே முகாமில் இருந்தார்கள். சாப்பாட்டு வரிசையிலிருந்து அவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் நாலு பேருக்குப் பின்னால் தட்டோடு நின்றேன்.

நீ ராத்திரியெல்லாம் அம்மாவிடம் போகணும் என்று அழுதாய். வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னால் சாம்பலுக்குள் ஓடிவிடுவாய் என்று உனக்கும் அதே பொய்யைச் சொன்னேன். பெரியவனானதும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ பெரியவனாகி அம்மாவை வெறுத்தாய். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

கட்டிலிலிருந்து அந்தக் கதவுக்குப் பத்தடி. உட்காரக்கூட முடியாதவள் பத்தடி வந்திருக்கிறாள் தம்பி. வந்து, திறந்து பார்த்திருக்கிறாள்.

அக்கா


செப்டம்பர் 23

தம்பி,

பன்னிரண்டு நாள் ஆகிறது. திட்டவாவது எழுது. ஒரு வரி.

அக்கா


அக்டோபர் 1

அக்கா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். என் கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயர் வேண்டாம் என்று அச்சகத்துக்காரரிடம் சொன்னது நான். நீ பக்கத்தில் நின்றாய். எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டு நின்றாய். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. இன்னும் ஆறவில்லை. அது தனி.

இப்போது எழுதுவது வேறு ஒன்றுக்காக. இதை நீ உடனே தெரிந்துகொள்ள வேண்டும்.

இயந்திரம் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. நான் மேலாளரிடம் போய், மேற்குப் பாதியில் வேலை செய்ய விடமாட்டேன், கீழே ஆள் இருக்கிறது என்றேன். "சாறு வத்திப்போகும்யா, ஆலை சும்மா நிக்குது" என்று குதித்தார். ஒரு நாள் கொடுங்கள், ஒன்றும் இல்லாவிட்டால் நானே வண்டிக்கு முன்னால் நடந்து வழிகாட்டுகிறேன் என்றேன். கொடுத்தார். அவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வெயில் ஏறின பிறகு தோண்டினோம். நானும் மேஸ்திரியம்மாவும். நாற்பது தண்டையும் அவளே வெட்டி, தரையில் போடாமல் ஒரு சாக்கில் அடுக்கிவைத்தாள். சாம்பல் இறுகி சிமென்ட் மாதிரி இருந்தது. மூன்றடியில் கதவின் மேல் சட்டம் தெரிந்தது. வேரெல்லாம் அந்தச் சட்டத்தை ஒட்டியே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கீழே போயிருந்தது. வேரைப் பிடித்துக்கொண்டே தோண்டினோம்.

கதவு மூடியிருக்கவில்லை அக்கா.

உள்பக்கம் முழுசாகத் திறந்து சுவரோடு சாய்ந்து நின்றது. தாழ்ப்பாள் இழுத்துவிடப்பட்டிருந்தது. துருப்பிடித்து அப்படியே இறுகிப்போயிருக்கிறது, திறந்த நிலையில். வெளிப்பக்கத் தாழ்ப்பாள். உள்ளே இருக்கிறவர் திறக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து திறந்திருக்கிறார்.

நிலைப்படியில் இரண்டு பேர். அதோடு நிறுத்திவிட்டு மேலே வந்து போலீசுக்கும் வருவாய் அலுவலகத்துக்கும் சொன்னேன். மறுநாள் மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, தூரிகையால் சாம்பலைத் தள்ளித் தள்ளி எடுத்தார். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். கீழே இருந்தவர் ஆண், முழங்காலில் விழுந்த நிலை, முகம் தெருப் பக்கம். அவர் முதுகின்மேல் ஒரு பெண். பெண்ணின் கை இரண்டும் அவர் கழுத்தைச் சுற்றி முன்னால் வந்திருந்தது. "முதுகுல தூக்கிக்கிட்டு வெளிய வந்திருக்கார்" என்றார் டாக்டரம்மா. "ஒரு காலைப் படிக்கு வெளிய வச்சிருக்கார் பாருங்க."

அவர் இடுப்பு வாரில் பித்தளை வில்லை ஒன்று. தேய்த்ததும் எழுத்து தெரிந்தது. 'கரைக்காவல் 4'.

சங்கு வேலை செய்யவில்லை போல. அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஓடியது எந்தப் பக்கம் என்று தெரியும். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நம் வீட்டில் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்திருக்க வேண்டும்.

அம்மா கதவுவரை தானாக வந்தாளா, அவர் போய்க் கட்டிலிலிருந்து தூக்கினாரா தெரியவில்லை. நீயே உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் அவள் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாகச் சாகவில்லை.

அந்தக் காவலரின் மனைவியும் மகளும் எங்கே இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? போலீஸ் கேட்கிறது. ஏட்டில் அவர் பெயருக்கு நேரே 'தலைமறைவு' என்றுதான் இருக்கிறது, முகவரி இல்லை.

தம்பி


அக்டோபர் 10

தம்பி,

தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் மகள் சலவைக் கடை வைத்திருக்கிறார். ஒரு தடவை கடை வாசல்வரை போய்விட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இந்தத் தடவை உள்ளே போனேன். கையில் சேலை எதுவும் இல்லாமல் வந்த என்னைப் பார்த்து, "என்ன வேணும்?" என்றார். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரு சட்டையின் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தாழ்ப்பாள், மேடு, விசாரணை, நான் சொன்ன ஒரு வார்த்தை. பிறகு உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது ஆறு சட்டை மடித்து அடுக்கியிருந்தார். ஒன்றிலும் மடிப்பு பிசகவில்லை.

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?" என்றார்.

"பதினாலு."

"எனக்குப் பதினொண்ணு." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அம்மா போன வருஷம்தான் போனாங்க. கடைசி வரைக்கும், அவர் ஓடலடின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான்தான், சரி விடும்மான்னு சொல்லுவேன். நானே நம்பல." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. எனக்காக இல்லை, தன் அம்மாவிடம் அப்படிச் சொன்னதற்காக.

மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கெல்லாம் இப்ப எங்கிட்ட பதில் இல்ல" என்றார். "நீங்க அன்னிக்கு சொன்னதை அந்த அதிகாரி எழுதினார்ல? இப்ப சொல்றதையும் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு."

சலவை ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். வாங்கி வாய்விட்டுப் படித்தார். 'கரைக்காவலர் ஓடுவதைப் பார்த்தேன்' என்ற இடத்தில் நிறுத்தி, பேனாவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அடித்துவிட்டு, 'எங்களை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தேன்' என்று எழுதினேன். "ம்" என்றார். ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வியாழக்கிழமை இருவரும் வருகிறோம். ஒரே பஸ், ஆனால் பக்கத்துப் பக்கத்து இருக்கையா என்பது அவர் இஷ்டம். கடைக்குப் பூட்டு போட்டாயிற்று. உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒன்றும் பேச வேண்டாம். பஸ் நிலையத்தில் நின்றால் போதும்.

அக்கா


அக்டோபர் 13

அக்கா,

நிற்கிறேன்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று ஆலை லாரிக்காரரிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். வருவதற்கு முன் காவலர் மகளிடம் இதைச் சொல்லிவிடு. நேரில் திடீரென்று கேட்டால் பயந்துவிடுவார்.

கிழக்குப் பாதியை வெட்டியாகிவிட்டது. மேற்குப் பாதிக்கு வருவாய் அலுவலகம் தடை போட்டிருக்கிறது. நான் தண்ணீர்த்தொட்டி மேட்டில் நின்று படம் வரைந்தேன். சுவரும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் அறைக்கு நடுவில் தனியாக உயரமாக நிற்கிற கொத்துகளை மட்டும் குறித்தேன். மேஸ்திரியம்மாவும் பெண்களும் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினார்கள். ஏட்டில் அன்றைக்குச் செத்தவர்கள் மூன்று பேர். துணி பதினொன்று. எல்லாமே நாலாவது வரிசையில். முதல் இரண்டு வரிசையில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வரிசையில் நாங்கள் ஏற்கெனவே தோண்டின நம் வீடு மட்டும்.

காவலர் தட்டின வீடுகளில் யாரும் சிக்கவில்லை அக்கா, தட்டினது யார் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் ஓடித் தப்பிவிட்டார்கள். நம் வீட்டோடு அவர் நின்றுவிட்டார். நாலாவது வரிசைக்குப் போகவில்லை.

அவர்கள் இருவரையும் எடுத்த பிறகு சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தோம். இரண்டு நாள் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் பெண்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். இலை அசையவில்லை. டொக் டொக் டொக். முதல் வரிசையில் இல்லை, இரண்டாவதில் இல்லை. மேஸ்திரியம்மா ஈரக் கையோடு எழுந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

நாலாவது வரிசையின் முதல் வீட்டில் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து, இரண்டாவது வீட்டில்.

தம்பி